இரண்டு நிமிடம் ஐம்பத்தாறாவது நொடி

"மாப்ள, எங்க வீட்டுச் சத்தம் எங்க மாப்ள?"

வியாழக்கிழமை காலை ஆறே முக்காலுக்குக் கைப்பேசியில் வந்த முதல் கேள்வி இது. லிங்கராஜ் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். வாயில் இருந்த நுரையைத் துப்பிவிட்டு, "எந்தச் சத்தம் மாமா?" என்றான்.

"என்ன, எந்தச் சத்தம்? நாதசுரம்! எங்க வீட்டுக்கு நாதசுரம்னு நீங்கதானே எழுதி அனுப்பியிருக்கீங்க? கேட்டுக்கிட்டே வாரேன், நல்லா ஊதிக்கிட்டு வருது. ரெண்டு நிமிஷம் அம்பத்தாறாவது நொடியில கப்புனு நின்னு போச்சு. பெறகு தவிலு மட்டும் தனியாக் கெடந்து அடிக்குது. யாரு கேட்டா அந்தத் தவில?"

அழைத்தவர் உப்போடைப்பட்டி சாமித்துரை. லிங்கராஜின் மாமனாருக்குப் பெரியப்பா மகன். பருத்தி வியாபாரி. 1996-இல் ஊராட்சி மன்றத் துணைத் தலைவர் ஆனவர். பதவி ஐந்து வருடத்தில் முடிந்துபோனாலும் பட்டத்தை அவர் முடித்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் விட முக்கியம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லிங்கராஜின் நிகழ்ச்சி நடக்கவிருப்பது அவருடைய பருத்திக் கிட்டங்கியில். இருநூறு பேர் நிழலில் உட்கார அந்த ஊரில் வேறு கூரை கிடையாது.

லிங்கராஜ் கோவில்பட்டிக்காரன். வாடகை வீட்டு மாடியில் ஒரு கணினி, ஒரு கீபோர்டு, இரண்டு ஒலிபெருக்கி, ஒரு பெட்டி நிறையச் சாயப் புட்டிகள். ஊரில் புழங்கும் விஷயங்களை எண்ணி, அட்டவணை போட்டு, அந்த எண்களை இசையாக்குவதும் படமாக்குவதும் அவன் தொழில். தொழில் என்பது அவன் சொல்லும் சொல். மாமனார் அழகிரிசாமி அதை "அந்த இது" என்பார். கல்யாணமான புதிதில், "டேட்டாவை வச்சுப் பாட்டுப் போடுதேன் மாமா" என்று அவன் விளக்கியபோது, "டேட்டாவா? அது போன்ல சாயந்தரத்துக்குள்ள தீந்து போறதுல்லா? அத நம்பியா பொண்ணக் குடுத்தேன்?" என்று நெஞ்சில் கை வைத்தார்.

அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. முந்தின வருடம் தீப்பெட்டிப் படங்களின் நிறங்களை எண்ணி அவன் செய்த இசையைக் கேட்க ஏழு பேர் வந்தார்கள். அதில் நான்கு பேர் வாடகை நாற்காலிகளைத் திரும்ப எடுத்துப்போக வந்தவர்கள்.

இந்த முறை பெங்களூரில் ஒரு கலை அறக்கட்டளை அவனை நம்பி ஒரு வருடத்துக்குப் பணம் கொடுத்திருந்தது. வருட முடிவில் அறக்கட்டளை மேடம் நேரில் வந்து, ஊர் மக்களோடு உட்கார்ந்து கேட்பார். பிடித்தால் இன்னும் இரண்டு வருடம். பிடிக்காவிட்டால் சித்திரை ஒன்றாம் தேதி முதல் லிங்கராஜ் விளாத்திகுளத்தில் மாமனாரின் மிளகாய் வத்தல் மண்டியில் உட்காரவேண்டும். அழகிரிசாமி அவனிடம் கையடித்து வாக்கு வாங்கியிருந்தார். ஒருமுறை அந்த மண்டியில் அரைமணி நேரம் உட்கார்ந்ததில் அவனுக்கு நாற்பத்தொரு தும்மல். எண்ணியவனும் அவனேதான்.

எதை இசையாக்குவது என்று ஆறு மாதம் யோசித்து, கடைசியில் கல்யாணப் பத்திரிகைகளைப் பிடித்தான்.

கரிசல் காட்டில் கல்யாணப் பத்திரிகை வந்தால் மணமக்கள் பெயரை யாரும் வாசிப்பதில்லை; அது தெரிந்த சேதி. 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று போட்டுக் கீழே சொந்தக்காரர்கள் பட்டியல் ஒன்று வரும். கண் நேரே அங்கே போகும். யார் பெயர் இருக்கிறது, யார் பெயருக்குக் கீழே இருக்கிறது, யார் பெயர் இல்லை. இல்லை என்றால் ஏன் இல்லை. அந்த ஒரு கேள்வியை வைத்து ஒரு முகூர்த்தத்திலிருந்து அடுத்த முகூர்த்தம் வரை ஊர் ஓட்டிவிடும்.

மனைவி முத்துசெல்வியின் ஊரான உப்போடைப்பட்டியில் லிங்கராஜ் வீடு வீடாகப் போனான். டிரங்குப் பெட்டி, பீரோ அடித்தட்டு, காலண்டர் முதுகு என்று தேடி, 1983 முதல் இன்றுவரை ஐம்பத்தெட்டுப் பத்திரிகைகள் சேர்த்தான். பட்டியல்களில் திரும்பத் திரும்ப வரும் வீடுகள் பதினொன்று. வீட்டுக்கு ஒரு வாத்தியம். பத்திரிகைக்கு எட்டு நொடி. பெயர் இருந்தால் வாத்தியம் ஒலிக்கும், இல்லாவிட்டால் ஒலிக்காது. மொத்தம் ஏழு நிமிடம் நாற்பத்து நான்கு நொடி. இதையே பதினெட்டு முழக் கோரா துணியில் ஐம்பத்தெட்டு வரிசையாக, வீட்டுக்கு ஒரு நிறத்தில் பொட்டு வைத்துப் படமாகவும் செய்தான். பெயர் விட்ட இடத்தில் துணி வெறுமையாக இருக்கும்.

புதன்கிழமை அதை 'உப்போடைப்பட்டி உறவுகள்' வாட்ஸப் குழுவில் போட்டான். பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதப் பழகிய ஒழுங்கு அவனைவிட்டுப் போகவில்லை.

"பெருமதிப்பிற்குரிய உறவினர்களுக்கு வணக்கம். இத்துடன் இசைக்கோப்பு ஒன்றும், எந்த வீட்டுக்கு எந்த வாத்தியம் என்ற அட்டவணை ஒன்றும் இணைக்கப்பட்டுள்ளன. குறைகள் இருப்பின் தெரிவிக்கவும்."

கடைசி வரியைக் கடிதத்தின் அழகுக்காகத்தான் எழுதினான். உப்போடைப்பட்டி அதை உத்தரவாக எடுத்துக்கொண்டது.

கைப்பேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு அட்டவணையைப் பார்த்தான். இரண்டு நிமிடம் ஐம்பத்தாறு என்றால் இருபத்துமூன்றாவது பத்திரிகை. 1999. மாமனார் அழகிரிசாமியின் தங்கை கல்யாணம். பட்டியலில் சாமித்துரை பெயர் இல்லை. தவில் அழகிரிசாமி வீட்டுக்கு.

அந்த ஒரு பெயரில் தொடங்கியது பதினேழு வருடப் பேச்சுவார்த்தை இன்மை. அண்ணன் தம்பி இருவர் பெயரையும் சேர்த்துப் போட்டால் இருவருமே வரமாட்டார்கள் என்பதால், மற்ற ஒன்பது வீட்டுக்காரர்களும் ஒரு கல்யாணத்துக்கு இவரையும் அடுத்த கல்யாணத்துக்கு அவரையும் போட்டுச் சமாளித்தார்கள். அதனால் லிங்கராஜின் இசையில் அந்த இடத்திலிருந்து நாதசுரம் வந்தால் தவில் இராது, தவில் வந்தால் நாதசுரம் இராது. 2016-இல் துஷ்டி கேட்கப் போன ஒரு சாவு வீட்டில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார நேர்ந்தது. "கொஞ்சம் தள்ளி உக்காரு" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் தள்ளி உட்கார, அதையே சமாதானமாக வைத்துக்கொண்டார்கள். இசையில் சரியாக ஆறாவது நிமிடத்தில் நாதசுரமும் தவிலும் மறுபடி சேரும். லிங்கராஜுக்கே கேட்கும்போது மயிர் கூச்செறியும் இடம்.

"மாமா, நான் பத்திரிகையில உள்ளத உள்ளபடி..."

"பத்திரிகையில விட்டது அழகிரியோட அய்யா. அவரு போய்ச் சேந்தாச்சு. நாங்களும் மறந்து கெடந்தோம். இப்ப மேளங்கொட்டி ஊருக்கு ஞாபகப்படுத்துதது யாரு? நீங்க! ஞாயித்துக்கிழமை அந்த எடத்துல நாதசுரம் வரலைன்னா கிட்டங்கிச் சாவியும் வராது. வச்சிருதேன்."

எட்டு நொடி நாதசுரம்தானே. லிங்கராஜ் அதைச் சேர்த்தான். "திருத்தப்பட்ட இசைக்கோப்பு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது" என்று குழுவில் போட்டான்.

ஒன்பதரைக்கு மண்டியிலிருந்து மாமனார் அழைத்தார்.

"மாப்ள, என் தங்கச்சி கல்யாணத்துக்கு வராத ஆளு இப்ப எப்படி வந்து ஊதுதாரு?"

"எட்டு நொடிதான் மாமா."

"எட்டு நொடியோ எட்டு நாளோ, எங்க அய்யா காரணமில்லாம ஒரு பேர விடுவாரா? நீங்க அங்கன நாதசுரத்தச் சேத்துட்டா எங்க அய்யா செஞ்சது தப்புன்னு ஆகிப்போகும்லா?"

"எடுத்தா கிட்டங்கி போயிரும் மாமா."

அழகிரிசாமி யோசித்தார். பின்னால் யாரோ மூட்டை எண்ணும் குரல் கேட்டது.

"சரி, ஒண்ணு செய்யுங்க. அவரு ஊதட்டும். ஊதலைன்னு யாரும் சொல்லப்படாது. ஆனா ஊதுனது யாருக்கும் கேக்கவும்படாது. என் தவில நல்லா ஏத்தி வச்சிருங்க."

ஏற்றி வைத்தான். மூன்றாம் பதிப்பு.

மதியம் ராதாமணி சித்தி அழைத்தாள். முத்துசெல்விக்குச் சித்தி, அவனுக்கு அத்தை முறை. அழகிரிசாமியின் தம்பி கண்ணபிரானின் மனைவி.

"மாப்பிள்ளை, எங்க வீட்டுக்கு என்ன குடுத்திருக்கீங்க?"

அட்டவணையைப் பார்க்காமலே சொன்னான்: "ஜால்ரா அத்த."

"அத வேற வாயாலயும் சொல்லுதீங்க. எங்க வீட்டுக்காரரு அண்ணன் பேச்சத் தட்டமாட்டாரு. அதுக்கு ஊருல அவருக்கு என்ன பேருன்னு உங்களுக்குத் தெரியாதா? தெரியாதுன்னு சத்தியம் பண்ணுங்க."

"அத்த, அது தாளத்துக்காக..."

"தாளமோ பாளமோ, ஏழே முக்கா நிமிஷமும் நிக்காம அடிக்குது. அங்கன தவிலு வந்தா அதுகூடவும் அடிக்குது, நாதசுரம் வந்தா அதுகூடவும் அடிக்குது. ஒரு இடத்துலகூட நிறுத்தலியே!"

உண்மைதான். கண்ணபிரான் பெயர் ஐம்பத்தெட்டுப் பத்திரிகையிலும் இருந்தது. யாரோடும் பகை இல்லாத ஒரே வீடு. லிங்கராஜ் ஜால்ராவை எடுத்துவிட்டு வீணை போட்டான்.

வீணை போட்டது தெரிந்ததும் மோர்சிங் வீட்டார் வந்தார்கள். கடம் வீட்டார் வந்தார்கள். "எங்களுக்கு மட்டும் மண்பானையா?" என்றார்கள். ஒருவருக்கு வீணை, ஒருவருக்குக் கடம் என்பதால்தானே சிக்கல் என்று முறைப்படி யோசித்த லிங்கராஜ், வெள்ளிக்கிழமை காலை எல்லார்க்கும் நாதசுரம் என்று முடிவு செய்தான். பேதம் ஒழிந்தது என்று மூச்சுவிட்டான். உடனே அழகிரிசாமி, "அப்ப என் தவிலு?" என்றார். அவருக்கு மட்டும் நாதசுரத்தோடு தவிலும் சேர்த்தான். அதற்குள் தன் பெயர் எந்த வருடம் எந்தப் பத்திரிகையில் விட்டிருக்கிறது என்று ஊரே விரல் விட்டு எண்ணத் தொடங்கியிருந்தது. விட்ட இடத்தையெல்லாம் நிரப்பினான். துணியில் இருந்த வெற்றிடங்களுக்குச் சாயம் தீட்டினால் காய மூன்று நாளாகும் என்பதால், கடைத்தெருவில் ஆறு அட்டை ஸ்டிக்கர் பொட்டு வாங்கி வந்து ஒட்டினான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட வேலை முடிந்து வந்த முத்துசெல்வி ஒன்பதாம் பதிப்பைக் கேட்டாள். கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"எப்படி இருக்கு?"

"பதினோரு லாரி ஒரே நேரத்துல ரிவர்ஸ் எடுக்குத மாதிரி இருக்கு."

"எல்லாருக்கும் சம்மதம் செல்வி. ஒருத்தர்கூட இப்ப குறை சொல்லல."

"உங்களுக்குப் பாட்டுப் போட வேற எதுவுமே கெடைக்கலியா? புதூர்ப் பக்கம் மழை எவ்வளவு பெஞ்சுதுன்னு எடுத்துப் போட்டிருக்கலாம்லா? என்னைய ஏன் கொறச்சுப் போட்டேன்னு மழை வந்து கேக்கவா போகுது?"

"மழை பண்பாடு இல்ல."

"அதுக்குப் பண்பாடு இல்லாததுனாலதான் இங்கன வாரதே இல்லையோ என்னவோ" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள்.

சனிக்கிழமை காலை பெங்களூரிலிருந்து மேடம் அழைத்தார். ஒழுங்கு தவறாதவன் ஆதலால் ஒன்பது பதிப்பையும் அவருக்கும் உடனுக்குடன் அனுப்பியிருந்தான்.

"லிங்கராஜ், மௌனமெல்லாம் எங்கே?"

"நிரப்பிட்டேன் மேடம்."

"யார் நிரப்பச் சொன்னது?"

"மக்கள்தான்."

"நீங்க முதல்ல அனுப்பினதைக் கேட்டுட்டு ரெண்டு நாள் நான் யாரோடயும் பேசல. ஒரு வாத்தியம் நிக்குது, இன்னொண்ணு அதுக்காகக் காத்திருக்கு. அந்தக் காத்திருப்புதான் உங்க படைப்பு. இப்ப அனுப்பியிருக்கறது... இது என்னன்னு எனக்குச் சொல்லத் தெரியல. நாளைக்கு நான் அந்த முதல் பதிப்பைக் கேட்கத்தான் வர்றேன். அது இல்லேன்னா சொல்லிடுங்க, டிக்கெட்டை ரத்து பண்ணிடறேன்."

"இருக்கு மேடம், இருக்கு மேடம்" என்றான். சொல்லி வைத்ததும் ஒரு தும்மல் வந்தது. வீட்டில் வத்தல் எதுவும் காயவில்லை.

முதல் பதிப்பைப் போட்டால் ஊர் எழுந்து போய்விடும். ஒன்பதாம் பதிப்பைப் போட்டால் மேடம் எழுந்து போய்விடுவார். ஒரு தாளை எடுத்து நடுவே கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தான். மதியத்துக்குள் வழி பிறந்தது. ஊருக்கு ஒலிபெருக்கியில் ஒன்பதாம் பதிப்பு. மேடத்துக்குக் காதை முழுக்க மூடும் ஹெட்போனில் முதல் பதிப்பு. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்ட வேண்டியது. தூரத்தில் இருந்து பார்த்தால் ஊரும் அவரும் சேர்ந்து கேட்பது போலவே இருக்கும்.

முத்துசெல்வி தாளை வாங்கி இரண்டு முறை வாசித்தாள்.

"இதுல எங்கனயோ ஒண்ணு இடிக்குது."

"எங்கன?"

"அது தெரிஞ்சா நான் ஏன் மூணாங்கிளாஸுக்குப் பாடம் எடுக்கேன்?"

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்குக் கிட்டங்கி நிறைந்துவிட்டது. பருத்தி மூட்டைகளை ஓரமாக அடுக்கிப் பெண்கள் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். பஞ்சுத் தூசி வெயிலில் மிதந்தது. பதினெட்டு முழத் துணி ஒரு சுவர் நீளத்துக்குத் தொங்கியது. விளாத்திகுளத்தில் வெகுகாலம் அச்சகம் வைத்திருந்து, இப்போது மகன் அடிக்கும் பிளக்ஸைக் கொண்டுவந்து கட்டிக் கொடுக்கும் இசக்கிமுருகன் வாசலில் ஏணி போட்டு நின்றார். எழுபது வயது. கட்டி முடித்ததும் கிளம்பியவரை முத்துசெல்வி, "இருந்து கேட்டுட்டுப் போங்க அண்ணாச்சி" என்று நிறுத்தி, ஒரு தட்டில் கடலைமிட்டாய் கொடுத்தாள். அவர் மூலையில் உட்கார்ந்து கடிக்கத் தொடங்கினார்.

மேடம் கைத்தறிச் சேலையில் வந்தார். சாமித்துரை சால்வை போர்த்தினார். அவர் போர்த்திய சால்வையின் மேலேயே அழகிரிசாமி இன்னொன்று போர்த்தினார். பங்குனி வெயிலில் இரண்டு சால்வையோடு மேடம் முன்வரிசையில் உட்கார, லிங்கராஜ் பணிவாக ஹெட்போனை நீட்டினான்.

"வெளிச் சத்தம் இடைஞ்சலா இருக்கும் மேடம். நுணுக்கமாக் கேக்கணும்லா."

"நல்ல யோசனை" என்றார் மேடம்.

மைக் செட் சுடலைக்குமாருக்குக் கண் காட்டினான். பதினோரு நாதசுரமும் ஒரு தவிலும் ஒரே மூச்சில் எழுந்தன. மூட்டைமேல் இருந்த பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "ஏட்டி, அது எங்க வீடு!" "போட்டி, அது எங்க வீடு!" எது யார் வீடு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாததால் எல்லாருக்கும் திருப்தி. சாமித்துரை மீசையை நீவிக்கொண்டார். அழகிரிசாமி தொடையில் தாளம் போட்டார். மேடம் கண்ணை மூடித் தனக்குள் ஆழ்ந்திருந்தார். லிங்கராஜ் ஒரு நிமிடம் முழுதாக மூச்சுவிட்டான்.

இரண்டாவது நிமிடத்தில் மேடம் கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தார். காதில் ஒற்றைப் புல்லாங்குழல் தயங்கித் தயங்கி நின்றுகொண்டிருக்கிறது. எதிரே ஊர் குலவை போடுகிறது. அவர் முகம் மலர்ந்தது. ஹெட்போனைக் கழற்றிக்கொண்டே,

"என்ன ஒரு மக்கள்! துக்கத்தைக்கூட எப்படிக் கொண்டாடறாங்க! நான் மட்டும் தனியா இதுக்குள்ள உட்கார்ந்திருக்கறது பாவம். எல்லாரோடயும் சேர்ந்துதான் கேட்கணும்" என்று ஹெட்போன் ஒயரைப் பிடுங்கினார். "தம்பி, அந்தப் பெட்டி என்னவோ இரையுது, அதுல ஓடறதை நிறுத்திட்டு இதைப் போடுங்க."

"வேண்டாம் மேட..." என்று லிங்கராஜ் எழுவதற்குள் சுடலைக்குமார் மாட்டிவிட்டான். சொன்னதைச் சொன்ன மாத்திரத்தில் செய்வதில் அவனை மிஞ்ச அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் இல்லை.

கணினித் திரையில் இரண்டு நிமிடம் நாற்பது. இன்னும் பதினாறு நொடி. இரண்டு பத்திரிகை.

முதல் பதிப்பு கிட்டங்கிக்குள் பரவியது. புல்லாங்குழல், அதோடு பழையபடி ஜால்ரா. "இந்தா, மறுபடியும் ஜால்ரா!" என்று ராதாமணி மூட்டைமேல் எழுந்து நின்றாள். நாதசுரம் அழகாக ஒரு வளைவு எடுத்து ஏறி, ஏறின இடத்தில் கப்பென்று நின்றது. தவில் தனியாக அடித்தது.

இருநூறு தலையும் முதலில் சாமித்துரையைப் பார்த்தன. பிறகு அழகிரிசாமியைப் பார்த்தன.

சாமித்துரை எழுந்தார். "கேட்டியால அழகிரி? உங்க அய்யா என் கழுத்த அறுத்த எடம் இதான்."

"எங்க அய்யாவ இழுக்காத. அவரு ஏன் விட்டாருன்னு உனக்குத் தெரியும்."

"சொல்லேன்! பெங்களூருல இருந்து வந்த அம்மா முன்னாலயே சொல்லேன்!"

"எட்டயபுரம் சந்தையில அவரு எதுக்க வந்தாரு. நீ துணைத் தலைவரு ஆன மப்புல தோள்ல கெடந்த துண்ட எடுக்கல. அந்த மனுசன் வீட்டுக்கு வந்து ரெண்டு நேரம் சாப்பிடல!"

"அன்னைக்கு என் தோள்ல துண்டே இல்லலே!"

"இருந்தாத்தானே எடுப்பே!"

அடுத்த பத்திரிகையில் மோர்சிங் நின்றது. "இது கெடா வெட்டுல தலைக்கறி எங்களுக்கு வராத வருசம்" என்று அந்த வீட்டார் எழுந்தார்கள். அடுத்ததில் கடம் நின்றது. "நாலு பருத்திச் செடிய உங்க ஆடு கடிச்சுட்டு, கேக்கப் போனா நாய அவுத்து விட்டீங்களே, அந்த வருசம்!" ஒவ்வொரு எட்டு நொடிக்கும் ஒரு வீடு எழுந்து நின்றது. இசை ஆறாவது நிமிடத்துக்கு வந்து நாதசுரமும் தவிலும் சேர்ந்தபோது யாருக்கும் அது காதில் விழவில்லை. புழுக்கம் தாங்காமல் சுடலைக்குமார் பெரிய மின்விசிறியைத் துணிப் பக்கம் திருப்ப, ஸ்டிக்கர் பொட்டுகள் கூட்டமாகப் பெயர்ந்து பறந்தன. சாமித்துரையின் நெற்றியில் ஒன்று, மீசையில் ஒன்று. துணியில் வெற்றிடங்கள் பல்லிளித்தன.

லிங்கராஜ் கண்ணை மூடினான். இமைக்குள் வத்தல் மூட்டைகள் வரிசையாகத் தெரிந்தன.

"நிறுத்துங்க!"

மேடத்தின் குரல். கையில் கைப்பேசி; இவ்வளவு நேரமும் பதிவு செய்துகொண்டிருந்திருக்கிறார். கண்ணில் நீர் நின்றது.

"லிங்கராஜ், இருபது வருஷமா நான் இந்த வேலையில இருக்கேன். ஒரு படைப்பு ஓடும்போது மக்கள் எழுந்து நின்னு அதோட அர்த்தத்தைத் தாங்களே சொல்றதை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு மௌனத்துக்குள்ளயும் ஒரு மானம்! இன்னும் ரெண்டு வருஷம் உங்களுக்கு. மார்கழியில பெங்களூர்ல கண்காட்சி. இந்தத் துணி ஒரு சுவர்ல. இவங்க குரல், இவங்க படம் எதிர்ச்சுவர்ல. அந்த 1999 மௌனம்தான் நட்டநடுவுல. இந்த ரெண்டு பெரியவங்க படத்தையும் ஆள் உயரத்துக்கு வைக்கணும்."

கிட்டங்கி அடங்கியது.

"ஆள் உயரத்துக்கா?" என்றார் சாமித்துரை. மீசையில் இருந்த பொட்டைத் தட்டிவிட்டார். "நடுவுலன்னா, நான் வலது கைப் பக்கமா நிக்கணும். மூத்தவம்லா."

"நில்லுண்ணே. யாரு வேண்டாம்னா?" என்றார் அழகிரிசாமி. "ஆனா ஒண்ணு, எங்க அய்யா அன்னைக்கு விட்டதுனாலதான் இன்னைக்கு நீ பெங்களூரு போற."

"என் பேரா இருந்ததுனாலதானலே விட்டாரு! வேற எவன் பேர விட்டா பெங்களூருல கேப்பான்?"

இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டார்கள். அழகிரிசாமி மருமகன் பக்கம் திரும்பினார். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அவர் குரல் குழைந்தது.

"மண்டிக்கு நான் வேற ஆளு பாத்துக்கிடுதேன் மாப்ள. நீங்க உங்க டேட்டாவப் பாருங்க."

லிங்கராஜுக்குக் கால் தரையில் பாவவில்லை. முத்துசெல்வி சேலைத் தலைப்பால் வாயை மறைத்துச் சிரித்தாள். மூட்டைமேல் இருந்து ராதாமணியின் குரல் மட்டும் அடங்காமல் வந்தது.

"எங்க வீட்டுக்கு ஒரு வெத்திடங்கூடவா இல்ல? எங்களுக்கு மட்டும் ரோசம் இல்லன்னு நெனச்சீங்களா? மாப்பிள்ளை, ஒரு நாலு எடத்துல எங்கள எடுத்துவிட்டுப் போடுங்க. ஏங்க, பேசாம இருக்கீங்களே, கேளுங்க!"

கண்ணபிரான் தலையாட்டினார்.

மேடம் மேசையில் இருந்த பத்திரிகைகளில் 1999-ஐத் தேடி எடுத்து, இரண்டு கையாலும் ஏந்தினார். மஞ்சள் மங்கி, ஓரம் செல்லரித்த அட்டை. "இதைக் கண்ணாடிப் பெட்டியில வைக்கணும். இதை அச்சடிச்சவர் யாருன்னு தெரிஞ்சா இன்னும் நல்லா இருக்கும்."

"நாந்தாம்மா" என்று மூலையிலிருந்து இசக்கிமுருகன் எழுந்து, கையில் ஒட்டிய பாகை வேட்டியில் துடைத்தபடி வந்தார். "இந்த ஊருப் பத்திரிகை பூராவும் நான் அடிச்சதுதான்."

மேடம் கைப்பேசியை அவர் பக்கம் நீட்டினார். "அய்யா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அழகிரிசாமியோட அப்பா உங்ககிட்ட வந்து, 'இந்தப் பெயரை விட்டுடு'ன்னு சொன்னப்போ அவர் முகம் எப்படி இருந்தது?"

சாமித்துரையும் அழகிரிசாமியும் போட்ட கையை எடுக்காமலே எட்டிப் பார்த்தார்கள். இசக்கிமுருகன் பத்திரிகையை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், அடிவரியை விரலால் தடவிப் பார்த்தார்.

"அவரு எங்கம்மா விடச் சொன்னாரு? எடம் பத்தலைன்னா எங்க அச்சகத்துப் பேரும் போன் நம்பரும் போட ரெண்டு வரி வேணும்லா, அதான் எந்தப் பத்திரிகையா இருந்தாலும் பட்டமெல்லாம் போட்டு ரெண்டு வரி பிடிக்குத பேராப் பாத்து ஒண்ண நானே உருவிருவேன்."